பைனாகுலரா, ஸ்பாட்டிங் ஸ்கோப்பா? பெரம்பலூர் மானிடம் கேட்போம்

மான் வேட்டைக்குப் போகிறவர் கழுத்தில் பைனாகுலர் தொங்க வேண்டுமா, தோளில் ஸ்பாட்டிங் ஸ்கோப் இருக்க வேண்டுமா? அமெரிக்க வேட்டைக்காரர்கள் இதற்காகப் பட்டிமன்றம் வைக்காத குறைதான். ஒரு கட்சி பைனாகுலர் போதும் என்கிறது. இன்னொரு கட்சி, ஸ்கோப் இல்லாமல் மலையேறுகிறவன் வீணாய் நடந்து கால் தேய்வான் என்கிறது.

இதே கேள்வியைப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கொஞ்சம் சத்தமாகக் கேட்டுப் பாருங்கள். பதில் வருவதற்குள் வனத்துறை ஜீப் வந்துவிடும் :-)

காரணம் தெரிந்ததுதான். 1972-ல் வந்த வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம். அந்தச் சட்டம் வந்த புதிதில் சில விலங்குகளை லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வேட்டையாட வழி இருந்தது. 1991-ல் வந்த திருத்தம் அந்தக் கதவையும் சாத்திவிட்டது. 2022-ல் செய்த திருத்தத்தில் அட்டவணைகளை மாற்றி அடுக்கினார்கள். அதன்படி புள்ளிமான் இப்போது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. ஆக, இங்கே மான் வேட்டை என்பது பேச்சுக்கே இடமில்லாத விஷயம்.

அப்படியானால் இந்தக் கட்டுரை எதற்கு? வேட்டையை எடுத்துவிட்டாலும் அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. தூரத்தில் நிற்கும் மானைத் தொந்தரவு செய்யாமல் பார்க்க எது நல்லது? பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இந்தக் கேள்விக்கு ரொம்பவே அர்த்தம் இருக்கிறது. ஏன் என்பதற்குக் கடைசியில் வருவோம். முதலில் கருவிகள்.

எட்டு பெருக்கல் நாற்பத்திரண்டு

பைனாகுலர் மேல் 8 × 42 என்று எழுதியிருக்கும். இது கணக்குப் பரீட்சை இல்லை. முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண், முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 8 × 42 என்றால் எட்டு மடங்கு, 42 மி.மீ. லென்ஸ்.

எட்டு மடங்கு என்பதை இப்படிப் புரிந்துகொள்ளலாம். 400 மீட்டரில் நிற்கும் மான், 50 மீட்டரில் நிற்பது போலத் தெரியும். அவ்வளவுதான் விஷயம்.

ஸ்பாட்டிங் ஸ்கோப் என்பது ஒற்றைக் குழாய். ஒரு கண்ணால் பார்க்க வேண்டும். பெரும்பாலும் 20 முதல் 60 மடங்கு வரை திருகி மாற்றிக்கொள்ளலாம். முன்லென்ஸ் 60 அல்லது 80 மி.மீ. இருக்கும். 40 மடங்கில் வைத்தால் அதே 400 மீட்டர் மான் பத்து மீட்டரில் நிற்பது போல் வந்துவிடும். கண் இமைப்பதுகூடத் தெரியும்.

கேட்கும்போது ஸ்கோப்தான் ஜெயித்தது போலத் தோன்றுகிறது அல்லவா? கொஞ்சம் பொறுங்கள். பெரிதாக்கும் கருவி மானை மட்டும் பெரிதாக்குவதில்லை. கை நடுக்கத்தையும் அதே மடங்கு பெரிதாக்கும். பத்து மடங்குக்கு மேல் போனால் சாதாரண மனிதன் கையில் பிடித்து நிதானமாகப் பார்க்க முடியாது. அதனால் ஸ்கோப்புக்கு முக்காலி கட்டாயம். முக்காலி, ஸ்கோப் இரண்டும் சேர்ந்தால் மூன்று நான்கு கிலோ. பைனாகுலர் முக்கால் கிலோ பக்கம்.

அடுத்தது பார்வைப் பரப்பு. எட்டு மடங்கு பைனாகுலரில் 300 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய நாற்பது மீட்டர் அகலம் ஒரே பார்வையில் விழும். ஒரு மான் கூட்டமே அதற்குள் அடங்கிவிடும். ஸ்கோப்பை முப்பது மடங்கில் வைத்தால் அதே தூரத்தில் பத்து மீட்டர் அளவுக்குத்தான் தெரியும். கூட்டத்தில் இரண்டு மான் தெரியும், மூன்றாவதின் வால் தெரியும். எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒன்றை உற்றுப் பார்க்க ஸ்கோப் நல்லது. எங்கே இருக்கிறது என்றே தெரியாததைத் தேட அது உதவாது. குழாய்க்குள் பார்த்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டில் நண்பனைத் தேடுவது போல ஆகிவிடும்.

வேட்டைக்காரர் கணக்கு

அமெரிக்க மலைப்பகுதிகளில் இரண்டையும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தால் இந்த வித்தியாசம் நன்றாக விளங்கும். விடியும் முன்பே ஒரு மேட்டில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். எதிர்ச் சரிவை மனதுக்குள் கட்டம் கட்டமாகப் பிரித்து, பைனாகுலரால் ஒவ்வொரு கட்டமாகத் துழாவுகிறார்கள். ஏதாவது அசைந்தால் மட்டும் ஸ்கோப்பைத் திருப்புகிறார்கள். கொம்பில் எத்தனை கிளை? வயது என்ன? ஒன்றரை கிலோமீட்டர் நடந்து போகத் தகுந்ததுதானா? சில மாநிலங்களில் கொம்பில் இத்தனை கிளைக்குக் குறைந்தால் சுடக்கூடாது என்று விதியே உண்டு. ஸ்கோப் அவர்களுக்கு நடையை மிச்சப்படுத்துகிறது, சட்டத்திலிருந்தும் காப்பாற்றுகிறது.

துப்பாக்கியின் மேலேயே ஒரு தொலைநோக்கி இருக்கிறதே, அதில் பார்த்தால் என்ன என்று கேட்கலாம். அதில் தேடுகிறவன் எதைப் பார்த்தாலும் துப்பாக்கி முனையும் அதை நோக்கியே இருக்கும். புதருக்குள் அசைவது மானா மனிதனா என்று பார்ப்பதற்காகத் துப்பாக்கியை நீட்டக்கூடாது என்பது அங்கே பயிற்சியில் சொல்லித்தரும் பாலபாடம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம்ம ஊர்ப் புள்ளிமானையே அங்கே வேட்டையாடுகிறார்கள். 1860-களில் ஹவாய் மன்னருக்குப் பரிசாகப் போன சில புள்ளிமான்கள் பெருகி, இன்று அந்தத் தீவுகளில் பயிரையும் காட்டையும் மேய்ந்து தீர்க்கும் தலைவலியாகிவிட்டன. டெக்சாஸுக்கு 1930-களில் கொண்டுபோனார்கள். அங்கேயும் நன்றாகப் பெருகிவிட்டது. புலியும் செந்நாயும் இல்லாத ஊரில் துப்பாக்கிதான் கணக்கைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. அதே மான், அதே புள்ளி. ஹவாயில் அதைச் சுடச் சொல்கிறார்கள், பெரம்பலூரில் சுட்டால் ஜெயில். இரண்டும் அந்தந்த ஊருக்குச் சரிதான்.

பெரம்பலூர்ப் பக்கம்

பெரம்பலூரின் மேற்கே பச்சைமலை. மற்றபடி மாவட்டம் பெரும்பாலும் சமவெளி. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். இடையிடையே காப்புக்காடுகள். காடு என்றதும் பெரிய மரங்களைக் கற்பனை செய்ய வேண்டாம். முட்புதர், வேலிக்காத்தான், ஆங்காங்கே நின்று வெயில் காயும் மரங்கள். இந்தப் புதர்க்காட்டில்தான் புள்ளிமான்கள் இருக்கின்றன.

இந்த இடத்தில் கருவிகளை மோத விட்டால் என்ன ஆகும்?

புதர்க்காட்டில் பார்வை ரொம்ப தூரம் போகாது. இருநூறு, முந்நூறு மீட்டருக்குள் ஏதாவது ஒரு முள்மரம் வந்து மறைத்துக்கொள்ளும். 300 மீட்டரில் நிற்கும் மானை எட்டு மடங்கு பைனாகுலர் 38 மீட்டருக்குக் கொண்டுவந்துவிடும். ஆணா பெண்ணா, கொம்பு முற்றிவிட்டதா இன்னும் வெல்வெட் போர்த்தியிருக்கிறதா, கூட்டத்தில் குட்டி எத்தனை, ஏதாவது நொண்டுகிறதா... எல்லாம் இதிலேயே தெரிந்துவிடும். இதற்கு மேல் கொம்பை அளந்து என்ன செய்யப் போகிறோம்? வேட்டைக்காரனுக்குத் தேவைப்பட்ட அந்தக் கடைசி விவரம் வெறுமனே பார்க்கிறவனுக்குத் தேவையே இல்லை.

தேடுவதற்கும் பைனாகுலர்தான். இலைச்சருகின் நிறத்தில் நிற்கும் புள்ளிமானை முழு மானாகத் தேடினால் கிடைக்காது. ஒரு காது ஆடும். செங்குத்தாக நிற்கும் தண்டுகளுக்கு நடுவே முதுகு படுக்கைக்கோடாகத் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டால் பக்கத்தில் இன்னும் நான்கு மான் நிற்பது தெரியவரும். இரண்டு கண்ணாலும் பார்ப்பதால் எது முன்னால் இருக்கும் புதர், எது பின்னால் நிற்கும் மான் என்று ஆழம் பிரித்துப் பார்க்க முடிகிறது. ஒற்றைக் கண் ஸ்கோப்பில் இந்த வசதி கிடையாது.

அடுத்தது வெளிச்சம். மான்கள் வெளியே வருவது அதிகாலையும் அந்தியும். லென்ஸ் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 42-ஐ 8-ஆல் வகுத்தால் ஐந்தேகால் மில்லிமீட்டர். 80 மி.மீ. ஸ்கோப்பை 60 மடங்கில் வைத்தால் ஒன்றேகால் சொச்சம்தான். இருட்டில் இளவயதுக்காரர் கண்மணி ஏழு மில்லிமீட்டர் வரை விரியும். கண் அண்டாவைத் திறந்து வைத்திருக்கும்போது ஸ்கோப் டம்ளரில் ஊற்றுகிறது. மானே தெரியும், ஆனால் மங்கலாகத் தெரியும்.

கடைசியாக, வெயில். இதைப் பெரம்பலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் தரை சூடேறி, காற்று நெளிய ஆரம்பித்துவிடும். எட்டு மடங்கில் அது பெரிதாகத் தெரியாது. ஐம்பது மடங்கில் மான் தண்ணீருக்குள் நடனமாடுவது போலத் தெரியும். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய ஸ்கோப்பாக இருந்தாலும் கானலைத் துடைக்க முடியாது. அந்த நேரத்தில் மடங்கைக் குறைப்பது அல்லது மூட்டை கட்டிவிட்டுச் சாப்பிடப் போவது, இரண்டே வழிதான்.

ஆக, பெரம்பலூர்ப் புதர்க்காட்டில் பைனாகுலர் ஜெயிக்கிறது. பெரிய வித்தியாசத்தில்!

கரைவெட்டியில் ஸ்கோப் பழி வாங்கும்

அதற்காக ஸ்கோப்பை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். அப்படியே அரியலூர் மாவட்டத்துக்கு வாருங்கள். சிமெண்ட் ஆலைகளையும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களையும் தாண்டி, திருமானூர்ப் பக்கம் போனால் கரைவெட்டி ஏரி. மேட்டூர் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிறையும் ஏரி. பறவைகள் சரணாலயம். பரப்பு ஏறக்குறைய 454 ஹெக்டேர். 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 198 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியிருப்பதாக அப்போது அரசு அறிவித்தது.

454 ஹெக்டேர் என்றால் நாலரைச் சதுர கிலோமீட்டர். கரையில் நிற்கிறவருக்கு ஏரி நடுவில் மிதக்கும் வாத்துக் கூட்டம் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். எட்டு மடங்கில் அது 125 மீட்டர். அந்தத் தூரத்தில் நீலச்சிறகியா, ஊசிவால் வாத்தா, தட்டைவாயனா என்று சொல்வது சீட்டுக்கட்டில் சீட்டைப் பார்க்காமலேயே பெயர் சொல்வது மாதிரி. நாற்பது மடங்கு ஸ்கோப்பில் அதே கூட்டம் 25 மீட்டருக்கு வந்துவிடும். அலகின் வடிவம் தெரியும், இறகின் கோடு தெரியும்.

இங்கே மறைக்க முள்மரம் இல்லை. மான் மாதிரி சட்டென்று புதருக்குள் பாயும் ஆட்களும் இல்லை. வாத்துகள் மணிக்கணக்கில் அங்கேயே மிதக்கும். முக்காலியை ஊன்ற ஏரிக்கரை இருக்கிறது. ஸ்கோப் கேட்கும் எல்லா வசதியும் கரைவெட்டியில் இருக்கிறது. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தும் இங்கே வரும் விருந்தாளிதான். மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டி விடப்பட்ட வரித்தலை வாத்துகள் தென்னிந்திய ஏரிகளில் பார்க்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பட்டையில் இருக்கும் எழுத்தைப் படிக்க முடிந்தால்தான் அந்தப் பறவை எந்த ஏரியிலிருந்து கிளம்பியது என்பது தெரியும். பைனாகுலரில் பட்டை தெரியும், எழுத்து தெரியாது. இங்கே அந்தக் கூடுதல் விவரத்துக்கு ஒரு பயன் இருக்கிறது.

ஒரே நாளில் போய்ப் பார்த்துவிடக்கூடிய இரண்டு இடங்கள். ஆனால் தீர்ப்பு தலைகீழ். கருவியைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் முதலில் சொல்ல வேண்டியது எந்தக் கம்பெனி என்பதை அல்ல, எந்த இடம் என்பதைத்தான்.

கொஞ்சம் வரவு செலவு

பி.காம். படிக்கிறவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரலாம். வேலைக்கு ஆகக்கூடிய 8 × 42 பைனாகுலர் பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவிடுகிறது. அதே அளவு தெளிவு கொடுக்கும் ஸ்கோப், ஆடாத முக்காலியோடு வேண்டுமென்றால் பல மடங்கு ஆகும். விலை குறைந்த ஸ்கோப் வாங்கினால் அதிலும் நஷ்டம். 60 மடங்கு என்று பெட்டியில் போட்டிருக்கும், 30-ஐத் தாண்டியதும் எல்லாம் பாலாடை போர்த்தியது போல ஆகிவிடும். மட்டமான முக்காலியும் அப்படித்தான். லேசான காற்று அடித்தாலே படம் ஆடும்.

விலையைப் பயன்படுத்தும் மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். பைனாகுலர் தினமும் கூடவே வரும். வயல் வரப்பு, கோயில் குளம், பஸ் ஜன்னல் எங்கும் எடுக்கலாம். ஸ்கோப்பை வருஷத்தில் நவம்பரிலிருந்து மார்ச் வரை, ஏரிக்குப் போகும் நாட்களில் மட்டும்தான் வெளியே எடுப்பார்கள். ஒரு மணி நேரத்துக்கான செலவு எங்கேயோ போய்விடும்.

அதனால் சொந்தமாக வாங்க வேண்டியது பைனாகுலர். ஸ்கோப்பைப் பார்ட்னர்ஷிப்பில் வாங்கலாம். ஒரு கல்லூரி இயற்கை மன்றத்துக்கு ஒரு ஸ்கோப் போதும். பைனாகுலரைக் கை மாற்றிக் கொடுத்தால் அடுத்தவர் புதிதாகத் தேட ஆரம்பிக்க வேண்டும். ஸ்கோப்பைப் பறவை மேல் வைத்துப் பூட்டிவிட்டால் பத்துப் பேர் வரிசையில் வந்து அதையே பார்க்கலாம். 2015 முதல் தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு மாதிரியான நாட்களில் இப்படி ஒரு ஸ்கோப் ஒரு கூட்டத்துக்கே கண் ஆகிவிடும். முக்காலியின் காலை இடறிவிடாத பார்ட்னராகப் பார்த்துச் சேர்த்துக்கொள்வது முக்கியம் :-)

எதற்காகத் தள்ளி நிற்க வேண்டும்?

இப்போது கடைசிக்கு என்று வைத்திருந்த விஷயம்.

கோடையில் பெரம்பலூர் மாவட்டச் செய்திகளைப் பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. தண்ணீர் தேடி வந்த மான் சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் விழுந்தது. நாய்கள் துரத்திக் கடித்தன. சென்னை - திருச்சி நெடுஞ்சாலையைக் கடக்கும்போது வண்டி மோதியது. தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறங்கி மீட்ட கதைகளும் உண்டு, மீட்க முடியாமல் போன கதைகளும் உண்டு.

இந்த நிலத்தில் மானைப் பயமுறுத்துவது என்பது சின்ன விஷயமில்லை. சிதறி ஓடும் மானுக்கு ஒரு பக்கம் கிணறு, ஒரு பக்கம் ரோடு, ஒரு பக்கம் நாய். காயமே படாவிட்டாலும், ரொம்ப தூரம் துரத்தப்பட்ட மான் அந்த அதிர்ச்சியிலும் களைப்பிலுமே தசைகள் பழுதாகிச் செத்துப்போகலாம் என்று கால்நடை மருத்துவம் சொல்கிறது. செல்போனை நீட்டிக்கொண்டு "இன்னும் கொஞ்சம் கிட்டப் போனா நல்லா விழும்" என்று அடி எடுத்து வைக்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை. அவர்கள் கையில் துப்பாக்கி இல்லைதான். ஆனால் 1972 சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். கொல்வதும் பிடிப்பதும் மட்டுமல்ல, துரத்துவதும் விரட்டுவதும்கூட அந்தச் சொல்லுக்குள் வருகின்றன. அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது தனிக் குற்றம்.

மக்காச்சோளம் போட்டவரின் கோபமும் நியாயமானதுதான். மேய்ந்துவிட்டுப் போனது அவருடைய வட்டிக்காசு. ஆனால் அவருக்கும் முதலில் தெரிய வேண்டியது வருவது மானா, காட்டுப்பன்றியா, எந்த மூலையில் இறங்குகிறது, எத்தனை என்பதுதான். விடியற்காலையில் வரப்பில் உட்கார்ந்து பைனாகுலரில் ஒரு வாரம் பார்த்தால் வேலியை எந்தப் பக்கம் முதலில் போட வேண்டும் என்பதாவது தெரிந்துவிடும்.

பொதுவாக இந்தக் கருவிகளை விற்கிறவர்கள் சொல்வது, தூரத்தில் இருப்பதைக் கிட்டே கொண்டுவரும் என்று. உண்மையில் எதுவும் கிட்டே வருவதில்லை. மான் இருந்த இடத்திலேயே மேய்கிறது, பார்க்கிறவரும் இருந்த இடத்திலேயே நிற்கிறார். நடுவில் இருக்கும் முந்நூறு மீட்டர் அப்படியே இருக்கிறது. பெரம்பலூரில் ஒரு மானுக்குக் கொடுக்க வேண்டியது அந்த முந்நூறு மீட்டர்தான்.

அதனால் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சுருக்கமாக: காலை ஆறு மணிக்கு முன்பே வந்துவிடுங்கள். ரோட்டோரமோ வரப்போ போதும், காட்டுக்குள் போக வேண்டாம். காற்று உங்கள் பக்கமிருந்து மானை நோக்கி வீசினால் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். 8 × 42 பைனாகுலர், ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு நோட்டு. மான் தலையைத் தூக்கி உங்களையே பார்த்துக்கொண்டு முன்னங்காலைத் தரையில் தட்டினால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். மெதுவாகப் பின்னால் வாருங்கள். ஒன்பது மணிக்குக் கானல் ஆட ஆரம்பித்ததும் கிளம்பிவிடலாம். ஸ்கோப் வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால், அவரைக் கரைவெட்டிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். முக்காலியை நீங்களே தூக்கிக்கொண்டு வருவதாகச் சொன்னால் கட்டாயம் வருவார்!